நாலு குழித் தட்டும் ஊதாக் கரைசலும்: ஆட்டு மடிநோய்க்கு சிஎம்டி கிட், ஒரு வருடம் பயன்படுத்திய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாலில் மடிநோய் இருக்கிறதா என்று சோதிக்கும் இந்தக் கிட்டை வாங்கலாம். கறவை ஆடு இரண்டு வைத்திருந்தாலும் சரி, இருபது வைத்திருந்தாலும் சரி, கொட்டகையில் இருக்க வேண்டிய சாமான்தான் இது. ஆனால் டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டை நம்பி உடனே வைத்தியத்தில் இறங்கிவிடாதீர்கள். நான் இறங்கினேன், இரண்டு ஆட்டுப் பாலைப் பல நாள் கீழே ஊற்றினேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னிடம் கறவையில் ஏழு ஆடுகள். காலையும் மாலையும் கையால்தான் கறக்கிறேன். இதை வாங்குவதற்கு முன்னால் மடிநோய் பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, முதல் இரண்டு பீய்ச்சைக் கறுப்புத் தட்டு வைத்த கிண்ணத்தில் விட்டு, திரி, கட்டி, தண்ணீர்ப் பால், ரத்தம் ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பது. நல்ல பழக்கம்தான், இன்றும் விடவில்லை. ஆனால் அதில் அகப்படுவது கண்ணுக்குத் தெரிகிற நோய் மட்டும். போன ஈற்றில் ஒரு ஆட்டுக்குப் பால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. பாலில் திரி இல்லை, மடியில் சூடு இல்லை, ஆடு நன்றாகத் தின்கிறது, அசை போடுகிறது. சரி, தீவனத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்துத் தீவனத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறவை வற்றி மடி சுருங்கின பிறகு ஒருநாள் தடவிப் பார்த்தால், இடப்பக்கத்தில் உள்ளே கோலிக்குண்டு அளவில் இரண்டு மூன்று கட்டிகள் கையில் தட்டுப்பட்டன. அடுத்த ஈற்றில் அந்தப் பக்கம் பேருக்குத்தான் பால். வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளேயே இருந்து மடியைத் தின்றுவிட்டுப் போகும் மடிநோய் என்று ஒன்று இருப்பது அப்போதுதான் உறைத்தது. இந்தக் கிட் அதற்காகத்தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்றால், கைப்பிடி வைத்த வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று, அதில் நான்கு வட்டக் குழிகள், ஊதா நிறக் கரைசல் ஒரு பாட்டில், அதை அளந்து பீய்ச்ச ஒரு சின்ன பாட்டில். அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, ரிப்பேர் ஆவதற்கு ஒன்றும் கிடையாது. கலிஃபோர்னியா மாஸ்டைடிஸ் டெஸ்ட் என்று முழுப்பெயர், 1957-இல் ஷால்ம், நூர்லாண்டர் என்ற இருவர் வெளியிட்ட முறை. மாட்டுக்காகச் செய்தது என்பதால் நான்கு காம்புக்கு நான்கு குழி. ஆட்டுக்கு இரண்டு போதும், மிச்சம் இரண்டில் அடுத்த ஆட்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்பார்கள். நான் அதைச் செய்வதில்லை. எந்தக் குழி எந்த ஆடு என்று குழம்பி, ஒன்றும் இல்லாத ஆட்டை மூன்று நாள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அனுபவம் உண்டு.

கரைசலில் இருப்பது முக்கியமாக ஒரு டிடர்ஜென்ட், அதாவது சோப்பு ஜாதி. மடிக்குள் கிருமி புகுந்தால் உடம்பு வெள்ளணுக்களை அங்கே அனுப்புகிறது, அவை பாலில் வருகின்றன. டிடர்ஜென்ட் அந்த அணுக்களின் தோலைக் கரைத்து உள்ளே இருக்கும் டிஎன்ஏவை வெளியே விட்டுவிடும், அது பின்னிக்கொண்டு கூழாகிறது. அணு எவ்வளவு அதிகமோ கூழ் அவ்வளவு கெட்டி. ஊதா நிறம் வேறு வேலைக்கு, அது புரோமோகிரெசால் பர்ப்பிள் என்கிற சாயம். மடிநோய்ப் பால் காரத்தன்மை பக்கம் சாயும், அப்போது ஊதா அடர்த்தியாகும். ஆனால் நிறத்தைப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது, கூழைத்தான் பார்க்க வேண்டும்.

ஆட்டுப் பாலுக்கு இது ஏன் தோதானது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆட்டின் மடியில் பால் சுரக்கும்போது சுரக்கும் செல்லின் நுனியே துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து பாலோடு வந்துவிடும். அந்தத் துணுக்குகள் அளவில் ஏறக்குறைய வெள்ளணு மாதிரியே இருக்கும், ஆனால் உட்கரு கிடையாது, டிஎன்ஏ கிடையாது. உருவத்தின் அளவை மட்டும் வைத்து எண்ணுகிற இயந்திரத்தில் ஆட்டுப்பாலைக் கொடுத்தால் அது இந்தக் குப்பையையும் சேர்த்து எண்ணி, ஆரோக்கியமான ஆட்டுக்கே பயமுறுத்தும் எண்ணிக்கை காட்டும். சிஎம்டி டிஎன்ஏவோடு மட்டும் பேசுவதால் இதில் ஏமாறுவதில்லை. ஆய்வகத்துக்குப் பால் அனுப்பி அணு எண்ணிக்கை பார்ப்பவர்கள், அங்கே இருப்பது டிஎன்ஏவைப் பார்த்து எண்ணும் முறையா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

செய்முறை எளிது, ஆனால் கை பழக ஒரு வாரம் ஆகும். முதல் இரண்டு மூன்று பீய்ச்சு கறுப்புத் தட்டுக் கிண்ணத்துக்குப் போகட்டும். பிறகு வலக் காம்புப் பால் வலக் குழியில், இடக் காம்புப் பால் இடக் குழியில். தட்டைக் கிட்டத்தட்ட செங்குத்தாகச் சாய்த்தால் அதிகமான பால் வடிந்து குழியில் உள்ள கோடு வரை மட்டும் நிற்கும், சுமார் 2 மில்லி. அதே அளவு கரைசலை ஊற்றித் தட்டை வட்டமாக, மெதுவாகச் சுழற்ற வேண்டும். குலுக்கக் கூடாது, குலுக்கினால் நுரைதான் வரும். பத்து நொடியில் பார்த்து முடித்துவிட வேண்டும், இருபது நொடிக்கு மேல் போனால் லேசான கூழ் கலைந்து ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிடும். நான் முதல் வாரம் முழுக்கக் கரைசல் ஊற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன், அதனால் அந்த வாரம் எல்லா ஆடும் பரம சுத்தம்.

நல்ல பால் என்றால் பாலும் கரைசலும் சேர்ந்து இளம் ஊதாத் தண்ணீராகக் குழிக்குள் தளதளவென்று ஓடும், சாய்த்தால் சட்டென்று ஒரு பக்கம் வரும். கூழ் ஏற ஏற தடம், 1, 2, 3 என்று நான்கு படிகள். முதலாவது தடம். சாய்க்கும்போது அடியில் சளி மாதிரி ஒரு மெல்லிய படலம் இழுபடுவது தெரியும், இரண்டு சுற்றில் காணாமல் போய்விடும். வெளிச்சத்துக்கு எதிரே தட்டைப் பிடித்தால்தான் இது கண்ணில் படும். 1 என்றால் அந்தப் படலம் மறையாமல் நிற்கும், ஆனால் திரண்டு கூழாகாது. 2 என்றால் சுழற்றும்போதே நடுவில் திரண்டு, குழியின் ஓரம் வெறுமையாகத் தெரியும். 3 வந்தால் யாரும் சொல்லித்தர வேண்டாம், முட்டை வெள்ளைக்கரு மாதிரி நடுவில் குமிழ்ந்து நின்றுகொள்ளும், கவிழ்த்தால் மொத்தமாக வழுக்கித் தொப்பென்று விழும். முதன்முதலாக 3 பார்த்தபோது, வெள்ளையாக, கெட்ட வாடை எதுவும் இல்லாமல், குடிக்கலாம் போல இருந்த பாலில் இருந்து அது வந்தது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

இப்போது சீட்டுக் கதைக்கு வருகிறேன். சீட்டில் இருக்கும் அளவுகள் எல்லாம் மாட்டுக்கானவை. 1 மில்லி பாலில் 2 லட்சம் அணு தாண்டினால் சந்தேகம், 1 என்ற படி வந்தாலே, அதாவது சுமார் 4 லட்சத்தில் இருந்து 12 லட்சம், நோய் என்ற கணக்கு. ஆட்டுக்கு இது செல்லாது. கிருமியே இல்லாத ஆட்டுப் பாலில் கூட இந்த எண்ணிக்கை சர்வசாதாரணமாக வரும். கறவை முடியும் தறுவாயில் ஏறும், ஆடு பருவத்துக்கு வந்திருக்கும்போது ஏறும், இடம் மாற்றினாலோ மிரண்டாலோ ஏறும். அமெரிக்காவில் சட்டமே பசும்பாலுக்கு 7.5 லட்சம், ஆட்டுப்பாலுக்கு 15 லட்சம் வரை என்று இரண்டு வெவ்வேறு வரம்பு வைத்திருக்கிறது. இதில் ஒரு வரி கூட அந்தச் சீட்டில் இல்லை. டப்பாவின் மேல் மட்டும் மாட்டுப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டுப் படம் சிரித்துக்கொண்டிருக்கிறது.

நான் வாங்கினபோது ஆடுகளுக்குக் கறவை எட்டு மாதம் ஆகியிருந்தது. கை பழகி ஒழுங்காகப் பார்த்தபோது ஏழில் ஐந்துக்கு 1. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஐந்துக்கும் மடிநோய் என்றே முடிவுகட்டி, அதில் பார்க்க மோசமாகத் தெரிந்த இரண்டுக்கு, கையில் இருந்த ஆன்டிபயாடிக் டியூப்பை மருத்துவரைக் கேட்காமலே மடிக்குள் ஏற்றிவிட்டேன். பிறகு கால்நடை மருத்துவரிடம் பெருமையாக வேறு சொன்னேன்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியா காட்டுச்சு?" என்றார்.

"ஆமாங்க, ரெண்டுலயும் ஒண்ணு."

"அப்புறம் எதுக்குங்க டியூப் போட்டீங்க? கறவை முடியற நேரத்துல பாதி ஆட்டுக்கு இப்படித்தான் காட்டும். ஒரு பக்கம் மட்டும் ஏறியிருந்தா என்கிட்ட வாங்க."

இந்த ஒரு கேள்வி சீட்டில் அச்சாகியிருந்தால் எனக்கு அவ்வளவு பால் மிச்சம். ஆட்டுக்கு இந்தக் கிட்டைப் படிக்கும் முறையே அதுதான். வலதும் இடதும் ஒரே உடம்பு, ஒரே தீவனம், ஒரே பருவம். வயதோ கறவைக் கடைசியோ காரணம் என்றால் இரண்டும் சேர்ந்து ஏறும். ஒன்று தண்ணீராக ஓடி மற்றது கூழாக நின்றால் கூழான பக்கத்தில் ஏதோ புகுந்திருக்கிறது. தடம், 1 என்று இரண்டு பக்கமும் சமமாக வந்தால் நான் இப்போது குறித்துவைத்துவிட்டு அடுத்த மாதம் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் 2, 3 என்று வந்தால் அது வேறு விஷயம், கறவையின் நடுப்பகுதியில் அப்படி வந்தால் இரண்டிலுமே நோய் இருக்கலாம். குட்டி போட்ட முதல் சில நாட்கள் பார்க்கவே வேண்டாம், சீம்பாலில் அணுக்கள் தாராளமாக இருக்கும், எல்லாமே கூழாகத்தான் வரும்.

இந்த முறைப்படி முதலில் அகப்பட்டது கருப்பி. குட்டி போட்டு இரண்டு மாதம், கறவை உச்சத்தில் இருக்கிறாள். வலது சுத்தம், இடது 3. கறுப்புத் தட்டில் ஒன்றுமே தெரியவில்லை, மடி மெத்தென்று இருந்தது, கறக்கும்போது கால்கூட மாற்றி வைக்கவில்லை. மறுநாள் காலையும் அதே. இந்தத் தடவை டியூப்பைத் தொடவில்லை, மருத்துவர் சொன்னபடி கல்ச்சருக்கு, அதாவது ஆய்வகத்தில் கிருமியை வளர்த்து எது என்று பார்ப்பதற்கு, பால் எடுத்தேன். இதில் சுத்தம்தான் முக்கால்வாசி வேலை. காம்பு நுனியை 70 சதவீத ஆல்கஹால் நனைத்த பஞ்சால், பஞ்சில் அழுக்கு ஏறாத வரைக்கும் துடைக்க வேண்டும், முதல் பீய்ச்சுகளைத் தள்ள வேண்டும், கிருமி நீக்கிய குப்பியைச் சாய்வாகப் பிடித்துக் காம்பு வாயில் படாமல் கொஞ்சம் கறந்து, மூடி, உடனே குளிரில் வைக்க வேண்டும். ஆன்டிபயாடிக் எதுவும் கொடுப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டும், கொடுத்த பிறகு எடுத்தால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம். முதல் மாதிரியில் என் கைவிரலில் இருந்ததெல்லாம் வளர்ந்துவிட்டது போல, பல ஜாதிக் கிருமி கலந்து வந்து கெட்டுப்போனது என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாவது சரியாக வந்தது.

கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டெஃபைலோகாக்கஸ். ஆடுகளில் மறைந்திருக்கும் மடிநோய்க்கு மிக அதிகமாகக் காரணமாக இருக்கும் கூட்டம் இதுதான், பெரும்பாலும் தோலில் குடியிருப்பவை. இதே இடத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று வந்திருந்தால் கதையே வேறு. அது மடித் திசுவுக்குள் ஆழமாகப் போய் ஒளிந்துகொள்ளும், மருந்துக்கு லேசில் அசையாது, கறக்கிற கை வழியாக மற்ற ஆடுகளுக்கும் போகும். அந்த ஆட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும், சில சமயம் வைத்திருப்பதா வேண்டாமா என்றே யோசிக்க வேண்டிவரும். கூழைப் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. எந்தப் பக்கம் என்று கிட் சொல்லும், எந்தக் கிருமி என்று சொல்லாது, எந்த மருந்து என்று சுத்தமாகச் சொல்லாது.

மடிக்குள் ஏற்றும் டியூப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிட் வாங்குபவர்கள் அடுத்து வாங்குவது அதைத்தான். பெரும்பாலான டியூப் மாட்டுக்குத் தயாரித்தவை, ஆட்டுக்குப் போடுவது மருத்துவரின் பொறுப்பில் நடக்கும் காரியம். ஒரு பக்கத்துக்கு ஒரு முழு டியூப். ஆடு சின்னதுதானே என்று ஒன்றை இரண்டு பக்கத்துக்கும் பங்கு போட்டால், மருந்தும் குறையும், ஒரு பக்கத்துக் கிருமியை மறுபக்கத்துக்கு நீங்களே கொண்டுபோய் விட்டதாகவும் ஆகும். மடியை ஒட்டக் கறந்துவிட்டு, காம்பு நுனியை ஆல்கஹாலால் துடைத்து, டியூப் மூக்கைச் சில மில்லிமீட்டர் மட்டும் நுழைத்தால் போதும், ஆட்டுக் காம்பின் துளை சின்னது, முழு மூக்கையும் குத்தி இறக்கினால் உள்பக்கம் கிழிந்து அதுவே அடுத்த நோய்க்கு வாசல் ஆகும். டியூப்பில் போட்டிருக்கும் பால் தள்ளும் நாட்கள் மாட்டுக்கான கணக்கு, ஆட்டுக்கு அதை அப்படியே எடுக்கக் கூடாது. என் மருத்துவர் அதைவிடக் கூடுதல் நாள் சொன்னார், அத்தனை நாளும் வீட்டுக்கும் எடுக்கவில்லை, குட்டிக்கும் கொடுக்கவில்லை.

மருந்து முடிந்து ஒரு வாரத்தில் ஆசையாகச் சோதித்தால் இன்னும் 2. மனசு விட்டுப்போயிற்று. கிருமி போன பிறகும் அணுக்கள் வடிய நேரம் எடுக்கும், மூன்று வாரம் கழித்துப் பாருங்கள் என்றார் மருத்துவர். மூன்றாவது வாரம் தடம், அதற்கடுத்த மாதம் இரண்டு குழியிலும் தண்ணீர்.

கிட் தேவையே இல்லாத இடமும் உண்டு. மடி ஒரு பக்கம் வீங்கி, தொட்டால் சுட்டு, ஆடு பின்னங்காலை அகட்டி வைத்து நடந்து, தீவனத்தைத் திரும்பிப் பார்க்காமல் நின்றால் தட்டைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், தெர்மாமீட்டரைத் தேடுங்கள். ஆட்டுக்குச் சாதாரண உடல்சூடு 38.6 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. அதைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே மருத்துவர். அதைவிட மோசம், சூடாக இருந்த மடி குளிர்ந்து நீலமாகவோ கறுப்பாகவோ மாறுவது. தெரிந்தவர் ஆட்டில் ஒருமுறை பார்த்தேன், காலையில் கால் தாங்கி நடந்தது, மாலைக்குள் மடியில் ஒரு பக்கம் ஜில்லென்று ஆகி, நிறம் மாறின இடத்துக்கும் நல்ல தோலுக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி எல்லை. ஆடு பிழைத்தது, அந்தப் பக்க மடி சில வாரத்தில் அழுகிக் கழன்று விழுந்தது. இன்னொன்று, குட்டி போட்டவுடன் இரண்டு பக்கமும் பலகை மாதிரிக் கெட்டியாக இருந்து பாலே இறங்காமல், ஆனால் சூடும் வலியும் இல்லாமல் இருந்தால் சிஏஇ என்கிற வைரஸாக இருக்கலாம். மூட்டுவீக்கத்தை உண்டாக்கும் அதே வைரஸ்தான். ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும், ஆன்டிபயாடிக் அதற்கு ஒன்றும் செய்யாது.

குறைகள் என்று பார்த்தால், நான் வாங்கினதில் குழிக்குள் இருக்கும் அளவுக்கோடு ஆறே மாதத்தில் தேய்ந்துவிட்டது, இப்போது குத்துமதிப்புதான். பீய்ச்சு பாட்டில் ஒழுகும், கை பிசுபிசுவென்று ஆகும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஊதா நிறம் பழுப்பாகத் தெரிந்து தடத்துக்கும் 1-க்கும் வித்தியாசம் பிடிபடாது, அதனால் நான் காலைக் கறவையில் மட்டும் பார்க்கிறேன். ஒரு ஆடு முடிந்ததும் தட்டைத் தண்ணீரில் அலசி உதறிவிட வேண்டும், குழியில் தண்ணீர் தங்கினால் கூழ் நீர்த்துப்போகும். ஆடு உதைத்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை, அந்தச் சட்டை இன்னும் ஊதாவாகத்தான் இருக்கிறது.

மலிவான மாற்று வழிகளையும் முயன்றேன். துணி துவைக்கும் பவுடரை 100 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் கணக்கில் கரைத்துப் பாலோடு சமமாகக் கலப்பது ஒன்று. தத்துவம் ஒன்றேதான், 3 இருந்தால் அதுவும் கூழாகும். ஆனால் பவுடருக்குப் பவுடர் மாறுகிறது, நிறமும் இல்லாததால் லேசானது எனக்குப் பிடிபடவில்லை. அவசரத்துக்குச் சரி. பாலில் நனைத்துப் பார்க்கும் நிறம் மாறும் காகிதப் பட்டைகள் கருப்பியின் இடது பக்கத்தையே நல்ல பால் என்று சொல்லின, அதோடு அவற்றை விட்டுவிட்டேன். பாலின் மின்கடத்தலை அளக்கும் கருவி ஒன்று இரவல் வாங்கிப் பார்த்தேன், ஆட்டுக்கு ஆடு எண் எங்கெங்கோ ஓடியது, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போதைய வழக்கம் இதுதான். மாதம் ஒருமுறை எல்லா ஆட்டுக்கும், குட்டி போட்டு இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, வற்றவிடுவதற்கு முன்னால் ஒருமுறை, பிறகு புது ஆடு வாங்கப் போகும்போது. கடைசியாகச் சொன்னதற்கே கிட் போட்ட காசு திரும்பிவிடும், தட்டை வெளியே எடுத்ததும் விற்பவர் முகம் போகிற போக்கிலேயே பாதி பதில் கிடைத்துவிடும். கறந்து முடித்ததும் காம்பை அயோடின் டிப்பில் முக்கி, தீவனம் வைத்து அரைமணி நேரம் படுக்கவிடாமல் நிற்கவைக்கிறேன், காம்புத் துளை மூடிக்கொள்ள அந்த நேரம் வேண்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். பிடித்துக்கொண்ட ஒன்று அந்தச் சீட்டுக்கு. பாட்டிலில் இன்னும் கால்வாசி இருக்கிறது, இன்று காலை சுட்டிக்கு வலது தண்ணீர், இடது தடம், சாய்த்தபோது இழுபட்டது நிஜமா கண்ணா என்று தெரியவில்லை. நாளைக் காலை வெளிச்சத்தில் இன்னொரு தரம் பார்க்க வேண்டும்.